ஓடைக்குள் நின்ற லாரியும் இரண்டு ஹப் லாக்கும்

பட்டறைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளா, என்னைப் பார்த்ததும் நீங்கள் கேட்கிற முதல் கேள்வி எனக்கு மனப்பாடம். "அண்ணே, எந்தக் கம்பெனி ஹப் லாக் ரொம்ப நாள் உழைக்கும்?" கேட்கும்போது கையில் போன் இருக்கும். போனுக்குள் ஒருவன் பாலைவனத்தில் மணலை வாரி இறைத்துக்கொண்டு லாரி ஓட்டிக்கொண்டிருப்பான். அவன் ஓட்டுவது விளம்பரத்துக்கு. நம் கரிசலில் ஒரு மழைக்கு அவனைக் கொண்டுவந்து இறக்கிவிட்டால் செருப்பைக்கூட வெளியே எடுக்க மாட்டான்.

இருபத்தெட்டு வருடமாக லாரிகளின் முன்பக்க ஆக்சில் வேலை பார்த்தேன். இனி என்னால் ஆகாது என்று இடுப்பு கைவிரித்துவிட்டதால் கடையை ஒப்படைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் தானாக உடைந்த ஹப் லாக்கை நான் பார்த்தது குறைவு. உடைத்தவர்களைப் பார்த்தது நிறைய. அவர்களில் எனக்கு மிகவும் பழக்கமான முகம் ஒன்று தினமும் சவரம் செய்யும்போது எதிரே தெரிகிறது. இது அந்த ஆளைப் பற்றிய கதை.

ஹப் லாக் எதற்கு என்றே தெரியாமல் சட்டையில் கிரீஸ் பூசிக்கொண்டு திரிகிறவர்களுக்காக ஒரே ஒரு முறை சொல்கிறேன். முன் சக்கரமும் சேர்ந்து இழுக்கிற கனத்த லாரி தார் ரோட்டில் போகும்போது, முன் சக்கரம் சும்மா உருண்டால் போதும். சேற்றில் இறங்குவதற்கு முன்னால் டிரைவர் கீழே இறங்கி, இரண்டு முன் சக்கரத்தின் நடுவிலும் இருக்கிற குமிழைத் திருகி லாக் போட வேண்டும். உள்ளே பல் வைத்த வளையம் ஒன்று நகர்ந்துபோய் ஆக்சில் பல்லோடு பொருந்தும். அதற்குப் பிறகுதான் இன்ஜின் பலம் முன் சக்கரத்துக்கு வரும். இரண்டு பக்கமும் பொருந்த வேண்டும். ஒரு பக்கம் பொருந்தி மறுபக்கம் பொருந்தாவிட்டால், பலமெல்லாம் பொருந்தாத பக்கத்தில் வீணாகச் சுற்றிக்கொண்டிருக்கும். சாஸ்திரம் இவ்வளவுதான். இதற்கு மேல் ஒருவன் பேசினால் உங்களிடம் எதையோ விற்கப் பார்க்கிறான்.

எங்கள் தலைமுறை மெக்கானிக்குகளுக்கு ஒரு பழக்கம். வண்டியின் மேல் இருக்கிற பாசத்தைக் கிரீஸில் காட்டுவோம். எங்கே இடைவெளி தெரிந்தாலும் அடைப்போம். வண்டிக்காரர் பக்கத்தில் நின்றால் இன்னும் ஒரு கை கூடுதல். அவரும் அதைத்தான் எதிர்பார்ப்பார். கிரீஸ் பிதுங்கி வெளியே வரவில்லை என்றால், மெக்கானிக்குக்குக் கை குறுகல் என்று டீக்கடையில் போய்ச் சொல்லிவிடுவார்.

ஒரு புரட்டாசி மாதம், ஆயுத பூஜைக்கு இரண்டு வாரம் முன்னால், திருச்சுழிப் பக்கத்திலிருந்து செல்லப்பாண்டி தன் லாரியைக் கொண்டுவந்தான். ராணுவத்தில் ஓடிக் கழிந்த பழைய வண்டி. மானாவாரி வெள்ளாமையை நம்பி நம்பி அலுத்துப்போய், அந்த வண்டியை வாங்கி உயர் மின் கோபுர வேலைக்கு இரும்பு ஏற்றிக்கொண்டிருந்தான். கோபுரம் நிற்பதெல்லாம் காட்டுக்குள், சாதா லாரி போகாத இடத்தில். செல்லப்பாண்டி வண்டி போகும். வீட்டில் அடுப்பெரிவது அந்த ஒரு வண்டியால்தான். இரண்டு ஹப் லாக்கையும் கழற்றிக் கழுவி, புது ஸ்பிரிங் போட்டு, பக்கத்துக்கு ஒரு டப்பா கணக்கில் கிரீஸ் அடைத்துப் பூட்டினேன். பூட்டும்போது ஓரமெல்லாம் பிதுங்கி வந்தது. பார்க்கவே நிறைவாக இருந்தது.

"எத்தன நாளைக்குண்ணே வரும்?" என்று கேட்டான்.

ஹப்பை ஓங்கி ஒரு தட்டு தட்டினேன். "உன் பேரன் இதக் கழட்டிப் பேரிச்சம்பழத்துக்குப் போடுற வரைக்கும் வரும்."

பக்கத்துப் பட்டறைக்காரர்கள்கூடச் சிரித்தார்கள். அந்த மாதிரி வசனம் எனக்கு நன்றாக வரும். வேலையைவிட நன்றாக வரும்.

ஐப்பசியில் இரண்டு நாள் சேர்ந்தாற்போல் மழை. மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு செல்லப்பாண்டி போனில் கூப்பிட்டான். இரும்பு லோடோடு ஓடையைக் கடக்கும்போது பின் சக்கரம் இறங்கிவிட்டது, லாக் போட்டும் முன்னாடி இழுக்கவில்லை என்றான். இழுக்க வந்த டிராக்டரும் கரை ஓரத்தில் புதைந்துவிட்டதாம். ஜேசிபி எங்கோ கமுதிப் பக்கம் வேலையில் இருந்ததால் சாயங்காலம்தான் வரும் என்றான். குரலில் பதற்றம் இல்லை. என் வேலையின் மேல் அவ்வளவு நம்பிக்கை.

அந்த நேரம் வெங்கடேசு கடையில் உட்கார்ந்திருந்தான். அருப்புக்கோட்டையில் விசைத்தறி ஃபிட்டர், என்னோடு படித்தவன். வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ், என்னிடம் மட்டும் இரண்டிலும் வசவு. மழையில் கரண்டு போய் தறி ஓடாததால் டீ குடிக்க வந்தவனை, டூல்ஸ் பெட்டியைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டேன்.

ஓடையில் வேடிக்கை கூடியிருந்தது. முன் சக்கரம் இரண்டும் எதிர்க்கரை ஏற்றத்தில் முகம் வைத்திருந்தன. பின் சக்கரம் பாதி வரைக்கும் களிக்குள். யாரோ ஒரு மேதை வேலிக்கருவைக் கொப்பை வெட்டிச் சக்கரத்துக்கு அடியில் திணித்திருந்தான். டயர் இன்னும் பஞ்சராகாமல் இருந்தது அந்த முள்ளின் பெருந்தன்மை. கரையில் வெள்ளை ஹெல்மெட் போட்ட சூப்பர்வைசர் ஒருவர், பேன்டில் சேறு படாத தூரத்தில் நின்று போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். என்ன பிரச்சினை என்று எழுதி அனுப்ப வேண்டும், ஒரு வார்த்தையில் சொல்லுங்கள் என்று என்னிடம் கேட்டார்.

குனிந்து பார்த்தேன். எனக்கு ஒரு வார்த்தை கிடைத்துவிட்டது.

ஹப்பின் நடுக் குமிழில் சந்தனம். ஆயுத பூஜைக்கு அப்பியது. அதன் நடுவில் எட்டணா அளவுக்குக் குங்குமம். வட்டமாக, நடுவாக, பொட்டு வைக்கவே செய்தாற்போல ஒரு இடம் கிடைத்தால் நம் ஆட்கள் விடுவார்களா? சந்தனம் காய்ந்து குமிழைச் சுற்றியிருந்த இடுக்கெல்லாம் இறுகியிருந்தது.

அங்கே நான் ஆற்றிய உரையை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது. பக்தி வேறு, ஹப் லாக் வேறு என்றேன். சாமிக்குப் பொட்டு வை, பெண்டாட்டிக்கு வை, பல் வைத்த மெஷினுக்கு வைத்தால் அது இப்படித்தான் கண்ணை மூடிக்கொள்ளும் என்றேன். கரையில் நின்றவர்கள் சிரித்தார்கள். சூப்பர்வைசர் 'சந்தனம்' என்று டைப் செய்தார். செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு நகத்தால் குமிழைச் சுரண்டிக்கொண்டிருந்தான். என் கிரீஸைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் நினைக்கவில்லை என்று சொன்னால் பொய். நினைப்பு வந்தது. அதன் மேல் ஒரு ஜோக்கைத் தூக்கிப் போட்டு மூடிவிட்டேன்.

அப்போதுதான் மேலே இருக்கிற கண்மாயின் நீர்பாய்ச்சி மொபெட்டில் வந்தார். கண்மாய்த் தண்ணீருக்குப் பொறுப்பு அவர்தான். வயதானவர், நிதானமானவர். அன்றைக்கு வண்டியை ஸ்டாண்டுகூடப் போடாமல் பேசினார்.

"கம்மா நெறஞ்சு மறுகால் விழுந்துருச்சுப்பா. இந்த ஓடைக்குத்தான் வரணும். ஒரு மணி நேரம்னு வச்சுக்கங்க. அதுக்கு மேல நான் பொறுப்பில்ல."

மறுகால் தண்ணீர் வந்தால் அந்த ஓடையில் மாடு நிற்காது. லோடு லாரியாவது நிற்கும் என்று கரையில் ஒருவன் சொன்னான். போன மழைக்கு அடித்துக்கொண்டுபோன டிராக்டர் டிரைலரை எங்கே போய் எடுத்தார்கள் என்று இன்னொருவன் ஞாபகப்படுத்தினான். செல்லப்பாண்டி யாரையும் பார்க்கவில்லை. லாரியின் முன் பம்பரில் கையை வைத்துக்கொண்டு நின்றான்.

தம்பிகளா, பயம் ஒவ்வொருவனுக்கும் ஒரு மாதிரி வரும். எனக்கு முதலில் குரல் பெரிதாகும். அடுத்து, பெட்டியில் இருப்பதிலேயே பெரிய சாமானைக் கை தேடும். அன்றைக்கும் தேடியது. பைப் ரிஞ்சை எடுத்தேன். வலது குமிழ் செல்லப்பாண்டி கைக்கே பாதிக்கு மேல் திரும்பியிருந்தது, இடதுதான் அடம்பிடித்தது. கையால் திருக வேண்டிய அந்த இடது குமிழை, தண்ணீர்க் குழாய் கழற்றுகிற சாமானால் பிடித்து, லாக் என்ற அடையாளத்துக்கு நேராக வரும் வரைக்கும் முறுக்கினேன். முறுக்கும்போது உள்ளே மெத்தென்று ஏதோ எதிர்த்தது. இரும்பு இரும்பை எதிர்த்தால் அப்படி இருக்காது. அது கைக்குத் தெரிந்தது. எனக்குத் தெரிய நான் விடவில்லை.

"ஏறி மிதி," என்று கத்தினேன்.

செல்லப்பாண்டி ஏறி மிதித்தான். லாரி ஒரு முறை உறுமி, அரை அடி முன்னால் வந்தது. கரையில் கைதட்டல்கூட ஆரம்பித்தது. அடுத்த நொடி இடது ஹப்புக்குள் 'டக்' என்று ஒரு சத்தம். இன்ஜின் ஓடுகிறது, சக்கரம் நிற்கிறது. உடைந்துவிட்டது.

இப்போது ஒரு புத்தியுள்ள மெக்கானிக் என்ன செய்வான் என்று யோசித்துக்கொள்ளுங்கள். நான் பைப் ரிஞ்சைத் தூக்கிக்கொண்டு வலது பக்கம் போனேன். அதையும் முறுக்கினால் சரியாகிவிடும் என்று என் மூளையின் ஏதோ ஒரு மூலை தீர்ப்பு எழுதிவிட்டது. ஒரு பக்கம் போனால் இன்னொரு பக்கத்தால் பிரயோசனம் இல்லை என்று மேலே உங்களுக்குப் பாடம் எடுத்தேனே, அந்த மேதைதான்.

பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்த வெங்கடேசு என் சட்டையைப் பின்னால் பிடித்தான்.

"ஏலே, ஒடஞ்சதத் தொறந்து பாக்காம ஒடையாததுகிட்ட ஏன் போற?"

"நேரமில்லடா," என்றேன்.

"எத்தன போல்ட்டு?"

"ஆறு."

"ஆறு போல்ட்டு கழட்ட நேரமில்ல, ரெண்டாவதையும் ஒடைக்க நேரமிருக்கா?"

பதிலுக்குக் காத்திருக்காமல் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் உட்கார்ந்து, பாக்ஸ் ஸ்பானரை எடுத்து முதல் போல்ட்டில் வைத்தான். தறி ஃபிட்டர் என் ஹப்பைத் திறக்கிறானே என்ற ரோஷத்தில்தான் நானும் உட்கார்ந்தேன். புத்தி வந்து உட்காரவில்லை. எப்படியோ, உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று. ரிஞ்ச் கையை விட்டுப் போனது.

மூடி வந்தது. உள்ளே ஒரு துளி சந்தனம் இல்லை. குங்குமம் இல்லை. கிரீஸ் இருந்தது. ஒரு மாதம் அசையாமல் கிடந்து, மழைக் குளிரில் இறுகி, மெழுகு மாதிரி வளையத்துக்குப் பின்னால் ஒரு சுவரே எழுப்பியிருந்தது. வளையம் நகர இடமில்லை. பாதி தூரம் போய் நின்றிருக்கிறது. அந்தப் பாதியில், பல்லின் நுனி மட்டும் பிடித்துக்கொண்டு பத்து டன் இழுத்தால் எந்தக் கம்பெனி இரும்பு தாங்கும்?

வெங்கடேசு ஒரு விரலால் கிரீஸை வழித்து என் முன்னால் நீட்டினான். தறியில் கிளட்ச்சுக்கு ஒரு துணியில் எண்ணெய் தொட்டுத் துடைப்பதோடு சரி என்று அவன் பல தடவை சொல்லியிருக்கிறான். தறி என்ன, பொம்மை மெஷின் என்று நான் கேலி செய்திருக்கிறேன்.

எனக்கு வந்த முதல் யோசனையை மறைக்காமல் எழுதுகிறேன். இதை வெங்கடேசைத் தவிர யாரும் பார்க்கவில்லை. கரையில் இருக்கிறவர்களுக்குக் கிரீஸ் என்றால் நல்ல சாமான். துடைத்துவிட்டுச் சந்தனத்தின் மேலேயே பழியை விட்டுவிடலாம். சூப்பர்வைசர் ஏற்கனவே டைப் செய்து அனுப்பியாயிற்று.

அந்த நேரத்தில் வலது பக்கத்திலிருந்து 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். செல்லப்பாண்டி வண்டியிலிருந்து இறங்கி, கத்தியால் சந்தனத்தை எல்லாம் வழித்துவிட்டு, நான் கீழே போட்ட பைப் ரிஞ்சைக் குமிழில் மாட்டிக்கொண்டிருந்தான். தன்னால் வந்த வினை என்று நம்பி, அதைத் தானே சரிசெய்யப் பார்க்கிறான். நான் ஜோக்காகச் சொன்ன பொய் அங்கே ரிஞ்சைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. இன்னும் ஒரு முறுக்கு. அப்புறம் லாரியை ஓடை எடுத்துக்கொள்ளும்.

"செல்லப்பாண்டி, கைய எடு," என்றேன். அவன் நிறுத்தவில்லை. "சந்தனத்தால இல்லப்பா. நான் அடச்ச கிரீஸு. தப்பு என்னோடது."

கரை முழுக்கக் கேட்டது. குரல்தான் எனக்குப் பெரிதாயிற்றே. ஒரு பொழுதாவது அது பிரயோசனப்பட்டது.

செல்லப்பாண்டி ரிஞ்சைப் பிடித்தபடி என்னைப் பார்த்தான். ஏசுவான் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவன் ரிஞ்சைச் சேற்றில் போட்டான்.

"அப்ப இதையும் கழட்டவாண்ணே?"

அதற்குப் பிறகு நான் பேசியது குறைவு. வலது பக்கத்தை அவனும் நானும் திறந்தோம். டீசலை ஊற்றி, நூல் வேஸ்ட்டால் துடைத்துத் துடைத்து எடுத்தோம். என் பாசமெல்லாம் உருண்டை உருண்டையாக வெளியே வந்து விழுந்தது. இடது பக்கத்தில் வெங்கடேசு, தறி அச்சில் நூல் இழுக்கிற மெல்லிய கொக்கியைச் சட்டைப் பையிலிருந்து எடுத்து, உடைந்த பல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தான். நுனிகள்தான் போயிருந்தன. பாதி தூரமே பிடித்திருந்ததால் மீதிப் பல் வேலையே பார்க்காமல் புதுசு போல இருந்தது. வளையம் முழுசாக உள்ளே போனால் அந்த மீதிப் பல் போதும்.

ஐந்து பல்லில் நுனி இல்லை. கையில் நான்கு துண்டுதான் இருந்தது.

தண்ணீர் வந்துவிட்டது. முதலில் சருகும் நுரையுமாக ஒரு கோடு. அப்புறம் கணுக்கால். மூடிப் பூட்டலாம் என்றேன். என் கை மறுபடி பெரிய ஸ்பானரைத் தேடியதை நானே பார்த்தேன். வெங்கடேசு தலையே தூக்கவில்லை. ஐந்தாவது துண்டு உள்ளே இருந்தால் முதல் சுற்றிலேயே மீதிப் பல்லைத் தின்றுவிடும், அது இல்லாமல் மூடினால் நீ தனியாக மூடிக்கொள் என்று, கணக்கைத் தெலுங்கில் எண்ணிக்கொண்டே சொன்னான். மூன்று பேரும் எறிந்த வேஸ்ட்டை எல்லாம் தண்ணீர் கொண்டுபோவதற்கு முன் அள்ளிக்கொண்டுவந்து, ஒவ்வொரு உருண்டையாகப் பிசைந்தோம். கிரீஸ் உருண்டை ஒன்றுக்குள், பருப்பு வடையில் கடிபடும் கல் மாதிரி, அந்தத் துண்டு செல்லப்பாண்டி கையில் தட்டுப்பட்டது.

பூட்டினோம். விரலால் திருகினேன். இரண்டு பக்கமும் வளையம் போய் உட்கார்ந்தது விரலுக்குத் தெரிந்தது. ரிஞ்ச் எங்கோ தண்ணீருக்கு அடியில் கிடந்தது. தேடவில்லை.

கரையில் நின்றவர்கள் ஆளாளுக்கு "மிதி, மிதி" என்று கத்தினார்கள். ஒரு மணி நேரத்துக்கு முன் அதைச் சொன்னவன் நான்தான் என்பதால் அவர்களை ஏச எனக்கு வாயில்லை. ஜன்னல் ஓரம் ஏறி நின்று செல்லப்பாண்டியிடம் மெதுவாகச் சொன்னேன். "கலியாண வீட்டுச் சாம்பார் அண்டாவப் படியேத்துற மாதிரி ஏத்து. சிந்தக் கூடாது."

முதல் கியர். இன்ஜின் முனகலோடு சரி, உறுமல் இல்லை. முன் சக்கரம் கால் சுற்று சுற்றிக் கரிசலைக் கவ்வியது. நின்றது. மறுபடி கால் சுற்று. தண்ணீர் என் முழங்காலுக்கு வந்திருந்தது. பின் சக்கரம் களியிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்த சத்தம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. லாரி ஏற்றத்தில் அங்குலம் அங்குலமாக ஏறி, மேலே போய், ஒரு வேப்பமரத்தடியில் நின்றது. நாங்கள் கரையேறித் திரும்பிப் பார்த்தபோது லாரி நின்ற குழியே தெரியவில்லை. தண்ணீர் செம்பழுப்பாக ஒரே வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

சூப்பர்வைசர் அக்கரையிலிருந்து, காரணத்தைச் சந்தனம் என்றே வைத்துக்கொள்ளலாமா என்று கைச்சாடையில் கேட்டார். வேண்டாம் என்று நான் கைச்சாடை காட்டியதை அவர் டாட்டா என்று எடுத்துக்கொண்டார்.

நான் ஒரு நல்ல வசனம் தயார் செய்துகொண்டிருந்தேன். உங்கள் கேள்விக்கான பதிலும் அந்த மரத்தடியில்தான் இருந்தது. எந்தக் கம்பெனி என்றால் எந்தக் கம்பெனியும். முழுசாகப் பொருந்தினால் பல் உடைந்ததுகூட லோடு இழுக்கும். பாதியில் நின்றால் புதுசும் பொடிப்பொடியாகும். உள்ளே ஒரு பூச்சு எண்ணெய், மாதம் ஒரு தடவை விரலால் திருகிப் பார்ப்பது, இவ்வளவுதான் அது கேட்கிறது. மீதி டப்பாவைக் கதவுக் கீலுக்குப் போடுங்கள்.

இதையெல்லாம் அங்கே அழகாகச் சொல்ல வாயைத் திறந்தேன். செல்லப்பாண்டி வண்டியை விட்டு இறங்கிவந்து, தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டான்.

"ஏண்ணே, இதே மாதிரி இன்னும் யார் யார் வண்டிக்கு அடச்சீக?"

அந்தப் புரட்டாசியில், பூஜைக்கு முன்னால், அவன் வண்டி போக இன்னும் ஐந்து வண்டி. ஐந்துக்கும் தட்டித் தட்டிப் பேரன் வசனம் சொல்லியிருந்தேன். வெங்கடேசு தன் சட்டையில் நனையாமல் இருந்த ஒரே மூலையில் என் போனைத் துடைத்து நீட்டினான்.

முதல் ஆளிடம் ஏதோ சும்மா ஒரு செக்கப் என்று ஆரம்பித்தேன். வெங்கடேசு முறைத்தான். அப்புறம் நேராகவே சொன்னேன். நல்லாத்தானே ஓடுது, எதற்குக் கழற்ற வேண்டும் என்று இரண்டாவது ஆள் கேட்டார். நன்றாகத்தான் ஓடும், சேற்றில் இறங்குகிற வரைக்கும், கொண்டுவாருங்கள் என்றேன். மூன்றாவது ஆள் ஏசினார். காதைக் கொடுத்தேன். நான்காவது ஆள் வீட்டில் சொல்லி வைத்தேன்.

ஐந்தாவது ஆள் மல்லாங்கிணறு பக்கம் கல் குவாரிக்கு ஓட்டுகிறவன். போனில் இன்ஜின் சத்தம் கேட்டது.

"அண்ணே, பள்ளத்துக்குள்ள லோடோட நிக்கேன். மழையில வழுக்குது. இப்பத்தான் லாக் போட்டுருக்கேன், மிதிச்சு மேல ஏத்திட்டுக் கூப்பிடட்டுமா?"

"மிதிக்காத," என்றேன். "இன்ஜின அமத்திட்டு எறங்கு. தப்பு என்னோடது. நான் வாரேன்."